கையூட்டு இல்லாமலே காரியம் நடக்கும்

(பினாங்கு, ஜார்ஜ்டவுனில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

நாம் கூடியிருக்கும் இந்தத் தீவே ஒரு வணிக நிறுவனத்தின் கணக்கில் கைமாறியதுதான். சீனாவுக்குப் போகும் கப்பல்கள் தங்கிச் செல்ல கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஒரு துறைமுகம் வேண்டியிருந்தது. தீவை வைத்திருந்த கெடா சுல்தானுக்கோ சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) எதிரான படைத்துணை. 1786 ஆகஸ்டில் கும்பினிக்காக பிரான்சிஸ் லைட் இங்கே கொடியேற்றினார். படைத்துணை மட்டும் வரவில்லை. பொறுத்துப் பார்த்த சுல்தான் 1791-இல் தீவை மீட்க முயன்று தோற்றார்; ஆண்டுக்கு 6,000 ஸ்பானிய டாலரோடு கணக்கு முடிந்தது.

வணிக நிறுவனங்களின் அரசியல் செல்வாக்கு என்றதும் நமக்கு உறையில் வைத்த பணம்தான் நினைவுக்கு வருகிறது. அது குற்றம், பிடிபட்டால் வழக்கு உண்டு. நான் பேச வந்தது வழக்கே போட முடியாத வகை. தொழிற்சாலையை எந்தத் தொகுதியில் கட்டுவது, எதை எப்போது மூடுவது, ஓய்வுபெற்ற எந்த அதிகாரியை இயக்குநராக்குவது, எந்த நாளிதழுக்கு விளம்பரம் தருவது. கேட்டால் வணிகக் காரணம் என்பார்கள். பாதி உண்மையாகவும் இருக்கும், அங்கேதான் சிக்கல்.

அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத்துக்கான பாகங்கள் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்களிலிருந்து வருகின்றன. அதற்கான நிதியைக் குறைக்க எழும் நாடாளுமன்ற உறுப்பினர், முதலில் தன் தொகுதித் தொழிலாளர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் இன்னும் வெளிப்படையாகவே நடந்தது. செய்தி நிறுவனங்களுக்குப் பணம் தரச் சொல்லும் சட்டம் வரவிருந்தபோது, 2021 பிப்ரவரியில் முகநூல் அங்கே செய்திகளை முடக்கியது. சில அரசுத் துறைகளின் பக்கங்களும் சேர்ந்தே முடங்கின. ஒரு வாரத்துக்குள் அரசு சட்டத்தைத் திருத்த இணங்கியது, செய்திகள் திரும்பின. நான் இதை மிரட்டல் என்பேன். முகநூலுக்கு அது சேவை பற்றிய முடிவு.

நன்கொடையும் இதே வழியில் போகிறது. மரியான் பெர்ட்ராண்டும் மூன்று பொருளியலாளர்களும் 2020-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு நிறுவனத்தின் தொழிலைத் தொடும் நாடாளுமன்றக் குழுவில் ஓர் அமெரிக்க உறுப்பினர் இடம்பெற்றால், அந்த நிறுவனத்தின் அறக்கட்டளை தரும் கொடை அவர் தொகுதியில் கூடுகிறது.

தமிழ்ப்பள்ளிக்குக் கணினி தந்தாலும் சந்தேகப்பட வேண்டுமா என்று அவையில் ஒருவர் கேட்டார். வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்குத் தேவைதான். ஆனால் எந்த ஆண்டு தந்தார்கள், மேடையில் யாரை அமர்த்தினார்கள் என்று குறித்து வையுங்கள். பிறகு அந்த நிறுவனம் பங்குச் சந்தையில் இருந்தால், அதன் ஆண்டறிக்கையை புர்சா மலேசியா இணையத்தளத்தில் திறந்து இயக்குநர் பட்டியலைப் படியுங்கள். நமக்குத் தெரிந்த, டத்தோ என்ற மலேசியப் பட்டம் பெற்றவர்கள் சிலரையும் அங்கே பார்க்கலாம்.