ஓய்வறையில் காத்திருக்கும் காய்ச்சல்

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு செவிலியர். தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். ஃப்ளூ பெருந்தொற்றாகப் பரவும் காலத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நோய் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறேன்.

2009 ஜூன் 11-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் எச்1என்1 ஃப்ளூவைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அப்போது எனக்குக் காய்ச்சல் வார்டில் டியூட்டி. மாஸ்க், கையுறை, மேலங்கி எதுவும் இல்லாமல் உள்ளே போக மாட்டோம். நோயாளியின் மூச்சுக்குழாயிலிருந்து சளியை உறிஞ்சி எடுக்கும்போது நெஞ்சு படபடக்கும். இடைவேளையில் ஓய்வறைக்கு வந்து மாஸ்க்கைக் கழற்றினால்தான் உயிர் வந்த மாதிரி இருக்கும். ஜன்னல் சாத்திய சின்ன அறை அது. ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து சாப்பிடுவோம். ஒருநாள் எங்களில் ஒருத்தி, தொண்டை கரகரக்கிறது என்றாள். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் கழித்து மூன்று பேர் காய்ச்சலில் படுத்தோம். அவளிடமிருந்துதான் வந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வார்டில் அவ்வளவு பயந்த நாங்கள், அந்த அறையில் கொஞ்சம்கூடப் பயப்படவில்லை.

ஃப்ளூ கிருமி உடம்புக்குள் போய் ஒன்று முதல் நான்கு நாட்களில் நோய் தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அது அடுத்தவருக்குப் பரவத் தொடங்கிவிடும். சிலருக்குக் கடைசிவரை தெரியாமலே போகும்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1993-94 குளிர்காலத்தில் ஆஸ்பத்திரி ஊழியர்கள் 518 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். 120 பேருக்கு ஃப்ளூ வந்துபோன அடையாளம் இருந்தது. அதாவது 23 சதவீதம். அந்த 120 பேரில் 59 சதவீதம் பேருக்கு ஃப்ளூ வந்த நினைவே இல்லை. 28 சதவீதம் பேருக்குச் சளி, இருமல் என்று எதுவுமே நினைவில்லை. இத்தனைக்கும் அது ஃப்ளூ லேசாக இருந்த வருடம். இவர்களெல்லாம் நோயாளிகளின் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கலக்கமாக இருக்கிறது.

சரி, நல்ல மாஸ்க் போட்டால் போதாதா? கனடாவின் ஒன்டாரியோவில் 2008-09 பருவத்தில் 446 செவிலியர்களிடம் இதைச் சோதித்தார்கள். சாதாரண அறுவைச்சிகிச்சை மாஸ்க் போட்டவர்களில் 23.6 சதவீதம் பேருக்கும், நுண்துகள்களையும் வடிகட்டும் என்95 மாஸ்க் போட்டவர்களில் 22.9 சதவீதம் பேருக்கும் ஃப்ளூ தொற்றியது. ஏறக்குறைய ஒரே அளவு. என்95 வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சளி உறிஞ்சும்போதும் செயற்கைச் சுவாசக் குழாய் பொருத்தும்போதும் அது கட்டாயம் வேண்டும், முகத்தில் இடைவெளியில்லாமல் பொருந்தவும் வேண்டும். ஆனால் எந்த மாஸ்க்கும் முகத்தில் இருக்கும் நேரத்துக்குத்தான் காவல். சாப்பிடும்போது அது முகத்தில் இருக்காது. வீட்டில் பிள்ளை இருமும்போதும் இருக்காது.

தடுப்பூசி வேண்டும்தான். ஆனால் புதுக் கிருமிக்கான ஊசி வர மாதங்கள் ஆகும். 2009-லும் முதல் அலைக்கு அது வந்து சேரவில்லை.

அதனால் நான் முதலில் கேட்பது லீவைத்தான். அன்று தொண்டை கரகரத்தவள் ஏன் வேலைக்கு வந்தாள்? அவள் வராவிட்டால் இன்னொருத்தி இரண்டு ஷிப்ட் பார்க்க வேண்டும். அந்தச் சங்கடம்தான். தூய்மைப் பணியாளர்களும், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்களும் ஒப்பந்தக் கூலிக்காரர்களாக இருந்தால் அவர்கள் நிலைமை இன்னும் மோசம். ஒருநாள் வரவில்லை என்றால் அன்றைய சம்பளம் போச்சு. காய்ச்சலோடு வராதீர்கள் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டி அவர்களுக்கு என்ன பயன்?

நாங்கள் குணமாகித் திரும்பியதும் ஓய்வறை ஜன்னலைத் திறந்து வைத்தோம். இரண்டிரண்டு பேராகச் சாப்பிட்டோம். இதெல்லாம் எங்கள் கையில் இருந்தது. சம்பளம் பிடிக்காத லீவும், வராதவருக்குப் பதில் ஆளும் நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. அடுத்த பெருந்தொற்று வருவதற்குள் அந்த இரண்டையும் எழுத்தில் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.