ஓடுற கார்ல சார்ஜ் போட்டா பேட்டரி போயிடுமா?

வணக்கம் மக்களே! வண்டி ஓடும்போது போன் சார்ஜ் போட்டா கார் பேட்டரி சீக்கிரம் போயிடும்னு நிறைய பேர் பயப்படறாங்க. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 வாட்ஸ் சார்ஜர் 14 வோல்ட்ல இழுக்கறது 2 ஆம்பியருக்குள்ளதான். 55 வாட்ஸ் ஹாலஜன் ஹெட்லைட் ரெண்டும் சேர்ந்து 8 ஆம்பியர் இழுக்குது. லைட் போட யாராவது பயப்படறோமா?

சிக்கல் ஐடிலிங்லதாங்க, அதாவது வண்டி நின்னுக்கிட்டு இன்ஜின் மட்டும் ஓடும்போது. இன்ஜின் சுத்தும்போது கரண்ட் கொடுக்கற டைனமோ, அதான் ஆல்டர்னேட்டர், 70 ஆம்பியர்னு போட்டிருந்தா அது இன்ஜின் நல்லா சுத்தும்போது கிடைக்கற அளவு. சிக்னல்ல நிக்கும்போது அதுல பாதிகூட வராமப் போகலாம். ராத்திரி மழையில டிராஃபிக்ல மாட்டியிருக்கீங்க. ஏசி ப்ளோயர் ஃபுல்லு, ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட், வைப்பர் எல்லாம் ஓடுது. அதுக்கு மேல இன்வெர்ட்டர்ல (பேட்டரி கரண்ட்டை வீட்டு கரண்ட்டா மாத்தற பெட்டி) லேப்டாப் வேற. டைனமோவால கொடுக்க முடியாத மிச்சத்தை பேட்டரிதான் கொடுக்கும்.

உங்க வண்டியில இது நடக்குதான்னு ஒரு மல்டிமீட்டர் இருந்தா பார்த்துடலாம். ராத்திரி முழுக்க நின்ன வண்டியில பேட்டரி டெர்மினல்ல 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். ஸ்டார்ட் பண்ணா 13.8-லேர்ந்து 14.4. இப்போ எல்லா லோடையும் போட்டு ஐடிலிங்ல விடுங்க. 13.2-க்கு மேல நின்னா கவலையில்லை. 12.8-க்குக் கீழ இறங்கினா பேட்டரி கரையுதுன்னு அர்த்தம். அப்போ ஆக்ஸிலரேட்டரை லேசா அழுத்தி 2000 ஆர்பிஎம் கொண்டு போங்க. வோல்ட் ஏறினா டைனமோ நல்லாத்தான் இருக்கு, லோடைக் குறைச்சா போதும். ஏறலைன்னா பெல்ட் லூஸா, டெர்மினல் பூத்திருக்கா, எர்த் வயர் சரியா இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம்தான் டைனமோவைக் கழட்டி உள்ள இருக்கற கார்பன் பிரஷ், டையோடு எல்லாம் பார்க்கணும். புது வண்டிகள் சிலதுல பேட்டரி நிறைஞ்சதும் சிஸ்டமே வோல்ட்டைக் குறைச்சு வைக்கும். ஹெட்லைட் போட்டா பெரும்பாலும் ஏறிடும், அந்தக் குறைஞ்ச வோல்ட்டைப் பார்த்துட்டு டைனமோ மாத்த ஓடாதீங்க.

இன்வெர்ட்டர் விஷயத்துக்கு வர்றேன். டேஷ்போர்டுல இருக்கற 12 வோல்ட் சாக்கெட்டுக்கு பெரும்பாலும் 15 ஆம்பியர் ஃப்யூஸ்தான். 150 வாட்ஸுக்கு மேல அதுல போடாதீங்க. ஃப்யூஸ் போகுதேன்னு 30 ஆம்பியர் போட்டா, ஃப்யூஸுக்குப் பதிலா உள்ள இருக்கற வயர் உருகும். 300 வாட்ஸ் வேணும்னா நேரா பேட்டரியிலேர்ந்து 10 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர் இழுத்து, ப்ளஸ் டெர்மினல் பக்கத்துலயே 40 ஆம்பியர் ஃப்யூஸ் வைங்க.

உண்மையில பேட்டரியைக் கொல்றது இன்ஜின் ஆஃப்ல ஓடுற லோடு. வண்டி நிக்கும்போதும் ரெக்கார்ட் பண்ற பார்க்கிங் மோடுல டேஷ்கேம் (கார் கேமரா) 0.4 ஆம்பியர் எடுத்தாலும் ஒரு நாளைக்கு 10 ஆம்பியர்-அவர் (ஆம்பியரை மணி நேரத்தால பெருக்கின அளவு) கிட்ட போயிடும். சின்ன கார் பேட்டரியே 35 ஆம்பியர்-அவர்தான். ரெண்டு நாள்ல பாதிக்கு மேல காலி. சில வண்டியில சாவியை எடுத்தப்புறமும் சாக்கெட்ல கரண்ட் இருக்கும், சார்ஜர் லைட் அணையுதான்னு பாருங்க.

சுத்தமா இறங்கின பேட்டரியை ஜம்ப் ஸ்டார்ட் பண்ணி (வேற பேட்டரியிலேர்ந்து வயர் கொடுத்து ஸ்டார்ட் பண்ணி) டைனமோவாலயே நிரப்பறது நல்லதில்லை. அது நீண்ட நேரம் ஃபுல் லோடுல சூடாகி டையோடு போகலாம். வெளி சார்ஜர்ல 3, 4 ஆம்பியர்ல ராத்திரி முழுக்க போடுங்க. அப்புறம், ஓடுற வண்டியில பேட்டரி டெர்மினலைக் கழட்டி டைனமோவை டெஸ்ட் பண்றேன்னு யாராவது வந்தா விடாதீங்க. அந்த நொடியில வோல்ட் எகிறி, இசியூ, அதான் இன்ஜினைக் கட்டுப்படுத்தற கம்ப்யூட்டர், போய் செலவு வெச்சுடலாம்.