பதிவேட்டில் 38 பேர்

(திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூர் பக்கம் உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் 2019-20ஆம் கல்வியாண்டில் பத்தாம் வகுப்பு படித்தவர்கள், 2025 ஜூனில் அதே வகுப்பறையில் கூடினார்கள். அவர்களுடைய வகுப்பாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை பேசியதன் எழுத்து வடிவம்.)

முதலில் உட்காருங்கள் சாமி. நான் உள்ளே நுழைந்ததும் எல்லாரும் மொத்தமாக எழுந்து நின்றீர்கள். பழக்கம் விடவில்லை, சந்தோஷம். ஆனால் பாதிப் பேர் என்னைவிட ஒரு முழம் வளர்ந்துவிட்டீர்கள். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிறது.

தலைமை ஆசிரியர் அவர்கள் என்னை "நாலு வார்த்தை பேசுங்கள் டீச்சர்" என்றார். நான் இதுவரை பேசியதெல்லாம் எப்படியும் மணி அடித்துவிடும் என்ற தைரியத்தில். இன்றைக்கு மணி அடிக்க ஆள் இல்லை. நீளமாகப் போனால் கடைசி பெஞ்சில் இருக்கிறவர்கள் வழக்கம்போல இருமுங்கள், புரிந்துகொள்வேன்.

இன்னொன்று. பெயர் சொல்லிப் பேசினால் நாளைக்கு உங்கள் அம்மாமார்கள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். அதனால் வருகைப் பதிவேட்டு எண்ணைத்தான் சொல்லப்போகிறேன். பையன்கள் 1 முதல் 20, பெண் பிள்ளைகள் 21 முதல் 38. யார் எந்த எண் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நம்முடையது உயர்நிலைப் பள்ளி. அதாவது பத்தோடு முடிகிறது. மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பத்தாம் வகுப்பு நடுவில் வரும் ஒரு படி, அவ்வளவுதான். உங்களுக்கு அதுதான் கடைசி. அதற்கப்புறம் ஒருவர் வேடசந்தூர், ஒருவர் வடமதுரை, ஒருவர் எரியோடு என்று பிரிந்துவிடுவீர்கள். அதனால் ஒவ்வொரு வருஷமும் மார்ச்சில் இங்கே ஒரு சின்ன விழா நடக்கும். காசு சேர்த்து மிக்சரும் கலரும் வாங்குவார்கள், சட்டையில் கையெழுத்துப் போடுவார்கள், மூன்று பேராவது அழுவார்கள். உங்கள் வகுப்புக்கு மட்டும் அது நடக்கவில்லை. ஐந்து வருஷம் கழித்து இன்றைக்கு நடக்கிறது. 38 பேரில் 29 பேர் வந்திருக்கிறீர்கள். மிக்சரும் வந்திருக்கிறது, வரும்போதே பார்த்தேன்.

2019 ஜூன் 3ஆம் தேதி பள்ளி திறந்தது. அந்த வருஷம்தான் பத்தாம் வகுப்புக்குப் புதுப் பாடத்திட்டம். கியூ.ஆர். கோடெல்லாம் போட்ட புத்தகம். நீங்கள் அட்டையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷப்பட்டீர்கள். எனக்கு அடிவயிறு கலங்கியது. பழைய புத்தகம் என்றால் எந்தப் பாடத்தில் எந்தக் கேள்வி வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இதில் எனக்கும் எதுவும் தெரியாது. சத்தியமாகச் சொல்கிறேன், முதல் இரண்டு மாதம் நீங்கள் படிப்பதற்கு முந்தின இரவுதான் நான் படித்தேன். கடைசிப் பாடத்தில் ஸ்கிராட்ச் என்று, திரையில் ஒரு பூனையை நகர்த்தும் கணினி நிரல் வேறு. நம் பள்ளிக் கணினியை எழுப்பவே அரைமணி நேரம் ஆகும். அந்தப் பாடத்தைக் கரும்பலகையில் பூனைப் படம் போட்டு நடத்தினேன். அதற்கு உங்களிடம் இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். செப்டம்பரில் தமிழும் ஆங்கிலமும் இரண்டு தாள் இல்லை, இனி ஒரே தாள் என்று அரசு சொன்னது. அன்று மட்டும் வகுப்பில் விசில் பறந்தது. யார் என்று அப்போது கேட்டேன், யாரும் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் திறக்கமாட்டீர்கள்.

4ஆம் எண். படிப்பு ஏறவே ஏறாது. ஆனால் ஒரு நாள் விடமாட்டான். காய்ச்சலோடு வருவான், மழையில் நனைந்துகொண்டு வருவான். ஏன்டா என்றால், "முட்டை போடுவாங்க டீச்சர்" என்பான். ஒளிக்கத் தெரியாத பிள்ளை. சத்துணவு முட்டைக்காகப் பள்ளிக்கு வருகிறான் என்று ஆசிரியர் அறையில் சிரித்தோம். அதில் நானும் உண்டு. அவன் கதை கடைசியில் எப்படித் திரும்பியது என்று பிறகு சொல்கிறேன்.

அந்த வருஷத்தில் எனக்கு ஒரு நாளை மட்டும் திருப்பிக் கொடுப்பார்கள் என்றால், 2019 டிசம்பர் 26ஐக் கேட்பேன். அரையாண்டு விடுமுறை. வளைய சூரிய கிரகணம். அது தெரியும் பாதை கோயம்புத்தூர், கரூர், திண்டுக்கல், திருச்சி என்று நம் தலைக்கு மேலேயே போகிறது. ஒளியியல் பாடம் நடத்தி நாலு மாதம்தான் ஆகிறது. இதைவிட ஒரு செய்முறை வகுப்பு எங்கே கிடைக்கும்? வாருங்கள் என்று கூப்பிட்டேன். 38 பேரில் 14 பேர் வந்தீர்கள். மற்றவர்களை வீட்டில் விடவில்லை. 27ஆம் எண்ணின் பாட்டி என்னைத் தேடி வந்தே திட்டினார். "வயசுக்கு வந்த புள்ளைய கெரகணத்துல வெளிய கூப்புடுற, நீயெல்லாம் ஒரு டீச்சரா?" வீட்டில் தாம்பாளத்தில் உலக்கையை நிறுத்தி வைத்திருக்கிறார், அது நிற்கிறது, வந்து பார் என்றார். உலக்கை எல்லா நாளும்தான் நிற்கும் பாட்டி, நாளைக்கும் நிறுத்திப் பாருங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. ஆனால் பேத்தி பின்னாலேயே நழுவி வந்துவிட்டாள்.

எட்டு மணிக்குச் சற்றுப் பிறகு நிலா சூரியனைக் கடிக்க ஆரம்பித்தது. சூரிய வடிகட்டி போட்ட கண்ணாடி நம்மிடம் மூன்றுதான். வரிசையில் நின்று, ஆளுக்குச் சில விநாடி. முகம் பார்க்கும் கண்ணாடியில் கறுப்புத் தாளை ஒட்டி, நடுவில் சின்ன ஓட்டை போட்டு, வெளிச்சத்தை ஸ்டோர் ரூம் சுவரில் விழச் செய்தோம். சுவரில் பிறைச் சூரியன். ஒன்பதரை வாக்கில் வெயிலின் நிறம் மாறியது. மேகம் மறைத்த மாதிரி இல்லை, விளக்கின் திரியைக் குறைத்த மாதிரி. வேப்பமரத்துக் காக்கைகள் சத்தம் போட்டன. அப்புறம் அந்த வளையம், ஏறக்குறைய 3 நிமிடம்.

நான் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். 22ஆம் எண்தான் "டீச்சர், கீழ பாருங்க" என்றாள். வேப்பமரத்தடியில் மண் முழுக்க வளையம். இலைக்கும் இலைக்கும் நடுவில் இருக்கிற ஒவ்வொரு இடைவெளியும் ஊசித்துளைக் கேமராவாகி, ஒவ்வொன்றும் ஒரு சூரிய வளையத்தைத் தரையில் போட்டிருந்தது. நூற்றுக்கணக்கில். எங்கள் சட்டையில், கையில், பாட்டி திட்டியதில் அழுத பிள்ளையின் கன்னத்தில். அவ்வளவு வருஷம் ஒளியியல் நடத்தியிருக்கிறேன், அது எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது. யாரோ ஏன் முழுசாக மறையவில்லை என்று கேட்டார்கள். ஒற்றை ரூபாய்க் காசைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் விளக்கை மூடும், தள்ளிப் பிடித்தால் மூடாது. நிலா இன்றைக்குப் பூமிக்குத் தள்ளி நிற்கிறது என்றேன். 4ஆம் எண் உடனே என்னிடம் ஒரு ரூபாய் கேட்டான், சோதித்துப் பார்க்க. அந்தக் காசு இன்னும் திரும்பி வரவில்லை.

மறுநாள் உள்ளாட்சித் தேர்தல். எனக்கு வாக்குச்சாவடிப் பணி. மதியமே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

ஜனவரியில் மாலை வகுப்பு தொடங்கியது. 9ஆம் எண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். அரையாண்டில் அறிவியலில் 34. கூப்பிட்டுத் திட்டினேன். "பப்ளிக்ல காட்டுறேன் டீச்சர்" என்றான். எல்லாரும் சொல்லும் வசனம்தான், நான் மதிக்கவில்லை. ஆனால் இவன் செய்தான். சுண்டல் தீர்ந்த பிறகும் உட்கார்ந்திருப்பான். முதல் திருப்புதல் தேர்வில் 58, அடுத்ததில் 71. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வில் குவிலென்சின் குவியதூரம் கண்டுபிடிக்கச் சொன்னால், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தென்னைமரத்தைத் தாளில் தலைகீழாக இறக்கி ஒரே நிமிடத்தில் அளந்து காட்டினான். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

மார்ச் 16 திங்கட்கிழமை. நாளையிலிருந்து பள்ளிகளுக்கு விடுமுறை என்று அறிவிப்பு வந்தது. பத்தாம் வகுப்புத் தேர்வு மட்டும் 27ஆம் தேதி தொடங்கும் என்றார்கள். நான் வாசலில் நின்று, "இருபத்தேழாம் தேதி எட்டரைக்கே வந்துடணும், ரெண்டு பேனா" என்றேன். நான் உங்கள் எல்லாரிடமும் ஒன்றாகச் சொன்ன கடைசி வாக்கியம் அதுதான். ரெண்டு பேனா.

அப்புறம் நடந்தது ஊருக்கே தெரியும். தள்ளிவைத்தார்கள். ஜூன் 1 என்றார்கள். பிறகு ஜூன் 15 என்றார்கள். 8ஆம் தேதி நீங்கள் முகக்கவசம் போட்டுக்கொண்டு ஹால் டிக்கெட் வாங்க வந்தீர்கள், சுண்ணாம்பு வட்டத்துக்குள் தள்ளித்தள்ளி நின்றீர்கள். யார் யார் என்றே எனக்கு அடையாளம் தெரியவில்லை. 9ஆம் தேதி தேர்வு ரத்து என்று முதலமைச்சர் அறிவித்தார். மாநிலம் முழுக்க 9 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஒரே நாளில் தேர்ச்சி. காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்ணுக்கு 80 சதவீதம், வருகைப் பதிவுக்கு 20 சதவீதம்.

இப்போது 4ஆம் எண்ணை யோசித்துப் பாருங்கள். வருகைக்கான மதிப்பெண் முழுசாக. ஒரு பாடத்தில் கூடக் குறையவில்லை. முட்டைக்கு வந்தவன் என்று சிரித்த நாங்கள்தான் அந்தப் பட்டியலைத் தயார் செய்தோம். சிரிக்காதே தம்பி, உன்னை நினைத்து நான் அன்றைக்கு ரொம்ப சந்தோஷப்பட்டேன்.

9ஆம் எண்ணுக்கு அது நேர் எதிர். திருப்புதல் தேர்வு கணக்கில் கிடையாது. ஜனவரிக்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. அவன் சான்றிதழில் இருப்பவன் டிசம்பர் மாதத்து 9ஆம் எண். ஐ.டி.ஐ. முடித்து வேலைக்கு நேர்காணல் போன இடத்தில், மதிப்பெண்ணைப் பார்த்து, "ஓ, கொரோனா பேட்ச்சா?" என்று சிரித்தார்களாம். போனில் சொன்னான். நானும் சிரித்துவிட்டுத்தான் பேச்சை மாற்றினேன். அன்றைக்குத் தோன்றாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். நடக்காமல் போனது ஐந்து காலைப்பொழுது. ஜூனிலிருந்து மார்ச் வரை அந்த வருஷம் முழுசாக நடந்தது. நான் பார்த்தேன், என் கையெழுத்தில் பதிவேடு இருக்கிறது. அடுத்த தடவை யாராவது கேட்டால் என் நம்பரைக் கொடு. நான் பேசிக்கொள்கிறேன்.

ஆல் பாஸ் உங்களுக்கு மட்டும் இல்லை, எனக்கும் கிடைத்தது. 58 வயது முடிந்து அந்த மே மாதம் 31ஆம் தேதி நான் ஓய்வுபெற வேண்டியவள். நீங்கள்தான் என் கடைசி வகுப்பு என்று எல்லாரிடமும் சொல்லி, புடவைகூட எடுத்து வைத்திருந்தேன். மே 7ஆம் தேதி ஓய்வு வயது 59 என்று ஆணை வந்தது. மறுவருஷம் 60 ஆனது. கடைசியில் 2022 மே மாதம் நான் ஓய்வுபெற்றேன். அதே மே மாதம் நீங்கள் பிளஸ் டூ தேர்வு எழுதினீர்கள். பதினோராம் வகுப்பும் ஆல் பாஸ் ஆகிவிட்டதால், அதுதான் உங்கள் வாழ்க்கையின் முதல் பொதுத்தேர்வு. வெளியே போகிற நேரத்தில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போயிருக்கிறோம்.

சரி, இதுவரை பேசியது சுலபமாக இருந்தது. இனிமேல் சொல்லவேண்டியதைத்தான் வழி முழுக்க பஸ்ஸில் யோசித்துக்கொண்டு வந்தேன்.

மற்ற வருஷங்களில் முடிவு வந்ததும் நாலைந்து பேர் தவறியிருப்பார்கள். துணைத் தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்லி நான் வீடு வீடாகப் போவேன். தவறியவன் வீட்டுக்குப் போகும்போது பக்கத்துத் தெருவில் தேறியவள் வீடும் இருக்கும். எந்தப் பள்ளியில் சேர்ந்தாய் என்று எட்டிப் பார்ப்பேன். சேரவில்லை என்றால் அங்கேயே உட்கார்ந்துவிடுவேன், அப்பா சரி என்கிற வரைக்கும். அந்த ஆகஸ்டில் முடிவு வந்தது. 38க்கு 38. தவறியவர் யாரும் இல்லை. அதனால் நான் எந்த வீட்டுக்கும் போகவில்லை. தொற்று, ஊரடங்கு, பஸ் இல்லை என்று காரணம் நிறைய இருந்தது, எல்லாம் உண்மைதான். ஆனால் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியும் ஒரு காரணம். எல்லாரும் பாஸ் என்றால் யாரையும் தேடவேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

மூன்று பேர் பதினொன்றில் சேரவே இல்லை என்று எனக்குத் தெரிந்தபோது ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. ஒருவன் திருப்பூரில். ஒருத்திக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. இன்னொருத்தி நூற்பாலையில், ஷிப்ட் வேலை. 31ஆம் எண். கிரகணத்தன்று வந்த 14 பேரில் அவளும் ஒருத்தி. அரையாண்டில் கணக்கில் 92.

காலையில் தலைமை ஆசிரியர் அறையில் உட்கார்ந்திருந்தபோது பீரோவைத் திறக்கச் சொன்னேன். உங்கள் வருஷத்துக் கட்டில் வாங்காமல் கிடந்தது ஒரே ஒரு உறைதான். மாற்றுச் சான்றிதழ், அசல் மதிப்பெண் சான்றிதழ், இரண்டும் உள்ளே. ஓரம் லேசாகப் பழுத்திருக்கிறது, கரையான் தொடவில்லை.

31, நீ நைட் ஷிப்ட் முடித்து நேரே வந்திருக்கிறாய் என்று கண்ணைப் பார்த்தாலே தெரிகிறது. தூக்கம் வந்தாலும் பரவாயில்லை, கொஞ்சம் முன்னால் வா. பெற்றுக்கொண்டதற்குப் பதிவேட்டில் கையெழுத்துப் போடணும். யாராவது அவளுக்கு ஒரு பேனா கொடுங்கள்.