சமயவியல்: எட்டிப் பார்த்தால் போதுமா?

நடுவர் அவர்களே, "சமயவியலை மைனராக எடுத்தால் போதும், மேஜர் எதற்கு?" என்று கேட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவர். சமயவியல் என்பது சமயங்களை ஆராயும் கல்வித்துறை. மேஜர் என்றால் பட்டப்படிப்பின் முதன்மைத் துறை, மைனர் என்றால் துணைத் துறை. கணக்கிலிருந்தே தொடங்குகிறேன்.

மேஜர், மைனர் முறை உள்ள நான்காண்டுக் கல்லூரிகளில் மைனர் என்பது பெரும்பாலும் ஐந்தாறு பாடங்கள். மேஜர் என்றால் பத்துப் பன்னிரண்டு. அந்த ஐந்தாறில் என்ன படிப்பார்? அறிமுகம் ஒன்று, பௌத்தம் ஒன்று, இஸ்லாம் ஒன்று, கிறிஸ்தவம் ஒன்று. வீட்டுக்கு வீடு வாசலில் நின்று எட்டிப் பார்த்தாயிற்று. பெரும்பாலும் விடுபடுபவை மூன்று: கோட்பாடும் ஆய்வுமுறையும், சமய நூல் எழுதப்பட்ட மூலமொழி, இறுதியாண்டு ஆய்வேடு. ஐயா, சமயவியல் என்பதே அந்த மூன்றுதான்!

மூலமொழி எதற்கு என்கிறீர்களா? குறளில் 'மலர்மிசை ஏகினான்' என்று வருகிறதே, யார் அவன்? தாமரைமேல் நடந்த அருகன் என்பது சமணர் கொள்கை. நடந்தது நடந்துவிட்டது, இறந்தகாலம் தானாகப் பொருந்துகிறது. அன்பர் உள்ளக் கமலத்தில் சேரும் இறைவன் என்கிறார் பரிமேலழகர். அவருக்கு இறந்தகாலம் இடிக்கிறது. நினைத்ததும் விரைந்து சேர்வதால் அப்படிச் சொன்னார் என்று தொல்காப்பிய விதியைத் துணைக்கு அழைக்கிறார். பூமேல் நடந்தான் என்று வேறு கடவுளுக்கு ஏற்றிச் சொல்வாரும் உண்டு என ஒரு குறிப்பும் போட்டுவைக்கிறார். யார் சரி என்று தீர்ப்பெழுதுவது மாணவர் வேலையல்ல. ஒரே சொல்லில் இரு சமயங்கள் எப்படி மல்லுக்கு நிற்கின்றன என்று காட்டுவதே வேலை. மொழிபெயர்ப்பை மட்டும் படித்தவருக்கு இந்த இறந்தகாலச் சண்டை கண்ணில் படுமா? மூலமொழியை இரண்டாம் ஆண்டிலாவது தொடங்க வேண்டும். மூன்றாம் ஆண்டில் தொடங்கினால் ஆய்வேடு எழுதும்போதும் அகராதியும் கையுமாகத்தான் உட்கார்ந்திருப்பார்.

"பக்தர் பக்தியை இழப்பார், மற்றவர் பக்தராகிவிடுவார்" என்றும் எதிரணித் தலைவர் பயமுறுத்தினார். வழிபாடு வேறு, படிப்பு வேறு என்ற எல்லைக்கோட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1963இலேயே போட்டுவிட்டது. அரசுப் பள்ளியில் வழிபாடாகப் பைபிள் வாசிக்கக் கூடாது. சமயத்தைச் சார்பில்லாமல் கல்வியாகப் படிக்கத் தடையில்லை என்றது.

புதிய மாணவர் தடுக்கி விழும் இடம் வேறு. எந்தச் சமயத்தைக் கொடுத்தாலும் நிறுவனர் யார், நூல் எது, கொள்கை என்ன என்று மூன்றையே தேடுவார். சமயவியல் அறிஞர் நினியன் ஸ்மார்ட் சமயத்துக்கு வகுத்த ஏழு பரிமாணங்களில் கொள்கை ஒன்றுதான். சடங்கு, அனுபவம், புராணக் கதை, அறமும் சட்டமும், சமூக அமைப்பு, கட்டடம் சிலை போன்ற பொருள்கள் ஆகியவை மற்ற ஆறு. நிறுவனரே இல்லாத சமயத்தை அந்தப் புதிய மாணவர் தம் மூன்று கேள்விகளால் எப்படி அளப்பார்? இந்தப் பழக்கம் உடைவது கோட்பாட்டு வகுப்பில்தான்.

வேலைவாய்ப்பா? பட்டத்துக்கு மொத்தம் முப்பத்திரண்டிலிருந்து நாற்பது பாடங்கள். சமயவியல் மேஜர் அதில் மூன்றிலொரு பங்குதான். மீதியில் பொருளியலோ கணினியியலோ இரண்டாவது மேஜராகவே அடங்கும். ஆய்வகப் பாடங்களால் மூச்சுவிட நேரமில்லாத மாணவர் மைனர் எடுக்கட்டும், மறுக்கவில்லை. அவரும் ஒரு சமயப் பாடத்தைக் குறைத்துவிட்டுக் கோட்பாட்டு வகுப்பில் உட்காரட்டும். எட்டிப் பார்க்கும் அந்த மைனர் பட்டியலில் அது எங்கே இருக்கிறது, நடுவர் அவர்களே?