கோடை இடியைக் காரிலிருந்து பார்ப்பது

நேயர்களுக்கு வணக்கம். சித்திரை, வைகாசியில் குடும்பத்தோடு காரில் கிளம்புகிறவர்கள் வானம் கறுத்தாலே பயணம் கெட்டதென்று முகம் சுளிப்பார்கள். கறுக்கட்டும். சேலம், தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் கோடை இடிமழை காசு கொடுத்தாலும் கிடைக்காத காட்சி. எங்கே நின்று பார்ப்பதென்று தெரிந்தால் போதும்.

காலை வெயிலில் சேர்வராயன், ஜவ்வாது மலைச்சரிவுகள் சூடேற, ஈரக்காற்று மேலே கிளம்புகிறது. மதியச் சாப்பாடு முடிந்து பாருங்கள், மலைக்கு மேல் காலிஃபிளவர் மாதிரி வெள்ளைவெளேரென்று மேகம் பொங்கும். உச்சி 12, 15 கிலோமீட்டர் உயரம் போனதும் பனித்துகளாகித் தட்டையாகப் பரவும். அது எந்தப் பக்கம் நீள்கிறதோ, பெரும்பாலும் அந்தப் பக்கந்தான் மழையும் நகரும். அடியில் போய் நின்றால் வெறும் இருட்டுதான். 15, 20 கிலோமீட்டர் தள்ளி நின்றால் முழு மேகமும் தெரியும். பொழுது சாய்ந்தபின் உள்ளுக்குள்ளேயே மின்னுவதும் தெரியும்.

பிள்ளைகளுக்கு எண்ணக் கற்றுக்கொடுங்கள். இதை நான் விடவே மாட்டேன்! மின்னியதும் 'ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு' என்று நிதானமாக எண்ண வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி ஆகும். ஒலி விநாடிக்கு சுமார் 340 மீட்டர் போகும். ஆக மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். ஒன்பதில் இடித்தால் மூன்று கிலோமீட்டர். அடுத்த மின்னலுக்கு ஆறு, அதற்கடுத்து மூன்று என்று குறைந்தால் நம்மை நோக்கி வருகிறது. மின்னல் பல கிலோமீட்டர் நீளம் ஓடுவதால், அருகிலிருக்கும் முனையின் சத்தம் முதலில் வரும், தூரத்து முனையின் சத்தம் பின்னால் வரும். அதனால்தான் இடி உருளுகிறது. உருளாமல் 'படார்' என்று ஒரே வெடிப்பாகக் கேட்டால் மிக அருகில் விழுந்திருக்கிறது. மறுபடி சொல்கிறேன்: மூன்றுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் யாரும் வெளியே நிற்கக் கூடாது, எல்லோரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகும் அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள்.

கார் காப்பது ரப்பர் டயரால் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. மேலே விழும் மின்சாரம் இரும்புக் கூட்டின் வெளிப்புறமாகவே ஓடித் தரைக்குப் போய்விடுகிறது. ஆகவே கண்ணாடியை முழுக்க ஏற்றுங்கள். கதவின் இரும்பைத் தொடாதீர்கள். சார்ஜரில் மாட்டிய போனைக் கையில் எடுக்காதீர்கள். ஆட்டோவுக்கும் இருசக்கர வண்டிக்கும் இந்தப் பாதுகாப்பு கிடையாது.

மழைக்கு முன்னால் சில்லென்று ஒரு காற்று புழுதியோடு பாயும். மேகத்திலிருந்து இறங்கும் குளிர்காற்று அது. கிளை முறிவது அப்போதுதான். சாலையோரப் புளியமரம், விளம்பரப் பலகை, மின்கம்பி இவற்றின் அடியில் நிறுத்த வேண்டாம். நெடுஞ்சாலை ஓரத்திலும் வேண்டாம். பெட்ரோல் பங்க்கோ சாப்பாட்டுக் கடையோ பார்த்து உள்ளே ஒதுங்குங்கள்.

நேரம் நெருங்கிவிட்டது. ஓட்டுகிறவருக்கு அவசரமாக மூன்று. முதல் கால் மணி மழையில் எண்ணெயும் தூசும் கலந்து சாலை வழுக்கும், வேகத்தைக் குறையுங்கள். கண்ணாடியில் ஆவி படிந்தால் ஏசி காற்றை அதன்மேல் திருப்புங்கள். ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் இறங்கவே வேண்டாம், ஓரடித் தண்ணீர் சிறிய காரை மிதக்கவைத்துவிடும். வணக்கம்.