ஞாயிறு மாலை ஐந்து மணி

வணக்கம், நேயர்களே. இறையியல் மாணவர்களை நகர ஊழியத்துக்கும், பல மொழியினரும் பல சமயத்தவரும் கலந்து வாழும் இடங்களுக்கும் எப்படித் தயார்படுத்துவது என்று பேசும்படி அழைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவர் அல்லாத நேயர்கள் இது நமக்கில்லை என்று வானொலியை நிறுத்திவிட வேண்டாம். நான் பேசப்போவது பெரும்பாலும் உங்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றித்தான்.

தீபாவளிக்கு முதல் நாள் ஹட்டன் பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்கு நான் கணக்குச் சொல்லத் தேவையில்லை. சாப்பாட்டுக் கடையில், துணிக்கடையில், யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறையில் என்று கொழும்பில் உழைக்கும் மலையகத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் அன்று பையோடு வந்து இறங்குவார்கள். ஆகவே, நகர ஊழியம் கொழும்புப் போதகர்களின் வேலை, தோட்டத்துச் சபைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வந்துவிடும். உங்கள் ஆலயத்தில் வாலிபர் உட்காரும் வாங்கு காலியாகக் கிடக்கிறதே, அவர்கள் எங்கே போனார்கள்?

கல்லூரியில் கிரேக்கம் கற்பிக்கிறோம், எபிரேயம் கற்பிக்கிறோம், பிரசங்கம் செய்யப் பழக்குகிறோம். எல்லாம் வேண்டியவைதான். ஆனால் யாருக்கு எப்போது ஓய்வு என்று கேட்கப் பழக்குகிறோமா? இதை நான் சொல்லிச் சொல்லி நண்பர்களுக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு உங்கள் முறை.

டிக்கோயாப் பக்கத்து மாணவர் ஒருவரைக் கொழும்பின் கொட்டாஞ்சேனைக்குக் களப்பயிற்சிக்கு அனுப்பியிருந்தோம். கடைகளில் வேலை செய்யும் தோட்டத்துப் பையன்களுக்காக ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வேதபாட வகுப்பு என்று அழகாக எழுதி ஒட்டினார். நாற்காலி போட்டார், பாட்டுப் புத்தகம் அடுக்கினார். ஒருவரும் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. வருவார்களா? ஞாயிறு மாலை ஐந்து மணி என்பது சாப்பாட்டுக் கடையில் கொத்து ரொட்டித் தட்டைச் சூடேற்றும் நேரம்!

மாணவர் கெட்டிக்காரர். ஒரு நாள் இரவு கடை மூடும் நேரத்துக்குப் பின்பக்கமாகப் போனார். எண்ணெய் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பதுளைப் பக்கத்துப் பையன் ஒருவன் இடது கையால் சாப்பிட்டான். வலது கையில் எண்ணெய் கொட்டிய காயம், அதன்மேல் அழுக்கேறிய கட்டு. சட்டைப் பையிலிருந்து கிளினிக் அட்டையை எடுத்து, "ஐயா, இதில் என்ன போட்டிருக்கிறது?" என்று கேட்டான். அட்டை சிங்களத்தில் இருந்தது. நம் மாணவருக்குச் சிங்களம் வாசிக்க வராது. தட்டுக் கழுவிக்கொண்டிருந்த குருநாகல் பையன் கையைத் துடைத்துவிட்டு வந்து வாசித்தான். அக்கரைப்பற்று முஸ்லிம் சமையற்காரர் அதைத் தமிழில் சொன்னார். மறுபடி காட்ட வேண்டிய திகதி முந்தாநாளே போய்விட்டது. "முதலாளியிடம் நான் பேசுகிறேன், நீ காலையில் போ" என்று சொன்னவரும் அந்தச் சமையற்காரர்தான். மறுநாள் மாணவர் கூடவே போய், மத்தியானம் வரை வைத்தியசாலை வாங்கில் உட்கார்ந்திருந்தார்.

பல்சமயச் சூழல் என்று நாம் ஒரு தவணை முழுக்கப் படிப்பிப்பது அந்தப் பின்கட்டில் இருந்தது. கலந்துரையாடல் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான். அறிக்கையைப் பார்த்த பெரியவர் ஒருவர், வேதபாட வகுப்பு நடைபெறவில்லை என்று எழுதிப் புள்ளியைக் குறைத்தார். கூட்டத்தில் அவரோடு நான் சண்டையே போட்டேன். இப்போது நினைத்தாலும் சரியான சண்டைதான்.

அந்தப் பையன்களுக்கு எப்போது லீவு? போயாவுக்கு, பௌத்தர்களின் பௌர்ணமி விடுமுறைக்கு. ஞாயிறுதான் ஆராதனை நாள், அதை எப்படி மாற்றுவது என்பவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 1966இல் அரசாங்கம் ஞாயிறு விடுமுறையை எடுத்துவிட்டு வாராந்தப் போயாவை விடுமுறையாக்கியது. 1971 வரை இந்த நாட்டில் ஞாயிறு சாதாரண வேலை நாள். நிலாவின் நான்கு நிலைகளைப் பார்த்து வந்த அந்தப் போயா ஒரு வாரம் செவ்வாயில் விழும், இன்னொரு வாரம் புதனில் விழும். சபைகள் என்ன செய்தன? வேலைக்கு முன்னும் பின்னும் ஆராதனை வைத்தன. யாருடைய விசுவாசமும் கெட்டுப்போகவில்லை.

அதற்கும் முன்னால் போவோம். தோட்டத் தொழிலாளர்களுக்கென 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷனில் திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் ஊழியம் செய்தார்கள். கோப்பித் தோட்டக் காலம் அது. பெயரைக் கேட்டால் இன்று நமக்குக் கசக்கிறது, கசக்கத்தான் வேண்டும். ஆனால் அவர்கள் தோட்டம் தோட்டமாக நடந்தார்கள், ஆட்கள் இருக்கும் இடத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் லயத்தை, அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டுக் கொழும்புக்குப் போய்விட்ட பிறகு, நாம் மட்டும் ஏன் ஆலய மணியை அடித்துவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்?

இதைப் பழக்கக் கொழும்பு வரை போகவும் வேண்டாம். கண்டியில் புத்தரின் புனிதப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே பரிசுத்த பவுல் ஆலயம் இருக்கிறது. பௌத்தர்கள் வழிபடும் நாத தெய்வத்தின் கோவிலான நாத தேவாலயமும் பக்கத்திலேயே. நடக்கிற தூரத்தில் பள்ளிவாசலும் பிள்ளையார் கோவிலும். புது மாணவர்களை ஒரு மாதம் அங்கே விடுங்கள். வெள்ளி மத்தியானம் யார் கடையைச் சாத்துகிறார்கள், போயாவில் யார் வெள்ளை உடுத்துகிறார்கள், பெரஹெரா ஊர்வல நாட்களில் யாருக்கு இரட்டை வேலை என்று எழுதிக்கொண்டு வரட்டும். விவாதம் செய்ய வேண்டாம். யாருக்கு எப்போது ஓய்வு என்று மட்டும் கேட்கட்டும். பாருங்கள், மறுபடியும் அதற்கே வந்துவிட்டேன்.

சிங்களத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். பிலிமத்தலாவையில் 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரியில் சிங்களத்தில் படிப்பவர்களும் தமிழில் படிப்பவர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள். பெரிய வாய்ப்பு அது. கிளினிக் அட்டை வாசிக்கும் அளவுக்காவது சிங்களம் வராத தமிழ் மாணவருக்கும், தமிழ் வராத சிங்கள மாணவருக்கும் எந்தக் கல்லூரியும் பட்டம் கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. அதற்குமேல் சொல்ல நேரமில்லை. தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அப்பால் கையைக் காட்டுகிறார்.

கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலைகளுக்குப் போன பெண் பிள்ளைகளைப் பற்றி இன்னும் தொடவேயில்லை. அங்கே சுதந்திர வர்த்தக வலயம் 1978இல் வந்தது. அந்தப் பிள்ளைகள் தங்கும் போர்டிங் அறைகளுக்குள் ஆண் மாணவரை வீட்டுக்காரர் விடமாட்டார், விடவும் கூடாது. போக வேண்டியவர்கள் மாணவிகள். அவர்களுக்குத் தங்க இடமும் பஸ் செலவும் யார் கொடுப்பது என்று இந்த வருடமே சபைகள் தீர்மானிக்க வேண்டும். மீதியை இன்னொரு நாள் அழைத்தால் பேசுகிறேன். வணக்கம்.