மலைப்பாம்பைப் பிடித்தவருக்கு ஆபீசைப் பிடிக்கத் தெரியாதா?

நடுவர் அவர்களே, வணக்கம். அரசின் உதவி பழங்குடி மக்களிடம் போய்ச் சேராததற்குக் காரணம் அவர்களின் அறியாமையா, அலுவலக நடைமுறையா என்பது தலைப்பு. எதிரணி அண்ணன், "திட்டமெல்லாம் இருக்கிறது, இருளர்களுக்குக் கேட்டு வாங்கத்தான் தெரியவில்லை" என்று சொல்லிக் கைதட்டலும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அண்ணே, மாசி சடையன், வடிவேல் கோபால் என்று இரண்டு இருளர்களை 2017-இல் அமெரிக்காவுக்கு வரவழைத்தார்களே, தெரியுமா? ஃபுளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைத் தேடி அந்த ஊர்க்காரர்கள் திணறியபோது, இவர்கள் தடம் பார்த்தே பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. புதருக்குள் கிடக்கிற பாம்பையே கண்டுபிடிக்கிறவர்களுக்கு ஆபீஸ் எங்கே என்று தெரியாதா? ஆபீஸ் தெரியும், நடுவர் அவர்களே. அங்கே இருக்க வேண்டிய ஆளைத்தான் பிடிக்க முடியவில்லை!

சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கெல்லாம் தாசில்தார் அலுவலகத்தோடு முடிந்துவிடும். பழங்குடி என்றால் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். பிள்ளையின் படிப்புக்குக் கேட்டால் "அப்பாவோட சான்றிதழ் எங்கே?" என்கிறார்கள். அப்பா செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர், அவருக்கு அப்போது யார் சான்றிதழ் கொடுத்தார்கள்?

போலிச் சான்றிதழ் வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே, விசாரிக்க வேண்டாமா என்பீர்கள். சரி, நியாயம்தான், விசாரிக்கட்டும். ஆனால் போலி ஆசாமியின் கையில் எல்லாத் தாளும் பக்காவாக இருக்கும், ஓலைக் குடிசையில் இருக்கிற உண்மையான இருளரிடம்தான் ஒன்றும் இருக்காது. தாளை மட்டும் பார்த்தால் யார் ஜெயிப்பார்?

நரிக்குறவர் கதை இன்னும் மோசம். அவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று, அந்தப் பட்டியலைத் திருத்த மத்திய அரசு போட்ட லோகூர் குழு சொன்னது 1965-இல். சட்டம் வந்தது 2023 ஜனவரியில். நடுவில் ஏறக்குறைய 58 வருஷம்! இதில் ஊசிமணி விற்கிறவரின் அறியாமை எங்கே வந்தது அண்ணே? அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார், கோப்புதான் நகரவில்லை.

மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள். எங்கெங்கிருந்தோ இருளர்கள் குடும்பம் குடும்பமாக வந்து, மணலில் குடில் போட்டுத் தங்கி, கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள், கல்யாணம் பேசுகிறார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் அவர்கள் இருளர் என்று தெரிகிறது. பந்தோபஸ்துக்கு வந்த போலீசுக்குத் தெரிகிறது, பத்திரிகைக்குத் தெரிகிறது. அதே மனிதர் மறுவாரம் மனுவோடு போனால் மட்டும், "நீ இருளர் என்பதற்கு என்ன ஆதாரம்?"

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அடுத்த மாசி மகத்துக்குக் கோட்டாட்சியர் அந்த மணலிலேயே நாலு மேசை போட்டு உட்காரட்டும். அவர் கேட்கிற ஆதாரம் முழுக்க அன்றைக்கு அவர் கண்ணெதிரேதான் இருக்கும். அதற்கும் ஒருத்தர்கூட மனுவோடு வரவில்லை என்றால், அண்ணே, நானே உங்கள் அணிக்கு வந்துவிடுகிறேன்.